மேலுதட்டில் தெரிவது முடியா, நிழலா?

"டாக்டர், எடுத்து நாலு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள திரும்பவும் கறுப்பாத் தெரியுது."

தோல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. விளக்கைப் பக்கத்தில் இழுத்து உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், இப்படிச் சொல்லி வருபவர்களில் பலருக்கு அந்த இடத்தில் முடி இருப்பதில்லை. மூக்கின் அடியிலிருந்து வாயோரம் வரை சாம்பல் கலந்த பழுப்பு நிறம்தான் படர்ந்திருக்கும். விரலைக் கீழிருந்து மேலாகத் தடவினால் சொரசொரப்பு தட்டாது. கண்ணாடியில் தள்ளி நின்று பார்க்கும்போது அந்த நிழலே மீசையாகத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் நூலோ வாக்ஸோ க்ரீமோ போடுகிறார்கள். தோல் மறுபடியும் புண்ணாகிறது. நிழல் இன்னும் ஒரு சாயல் கூடுகிறது.

தோலில் எந்தக் காரணத்தால் அழற்சி ஏற்பட்டாலும், நிறமி செல்கள் வழக்கத்துக்கு மேல் மெலனினை உற்பத்தி செய்யும். சிவப்பு இரண்டு நாளில் போய்விடும், கருமை மாதக்கணக்கில் தங்கும். மாநிறத்தவர்களுக்கும் கருத்த நிறத்தவர்களுக்கும் இது கூடுதலாகவே வரும். போதாததற்கு, மங்கு எனப்படும் பழுப்புத் திட்டு வரும் இடங்களிலும் மேலுதடு ஒன்று. கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, வெயில் இவையெல்லாம் அந்தத் திட்டைக் கூட்டும். ஆகவே முடியை எடுப்பதற்கு முன், எடுக்க அங்கே முடி இருக்கிறதா என்பதை ஜன்னலோர வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முடி எடுத்த பிறகு எரிச்சலோடு வருபவர்களிடம், எந்த முறையில் எடுத்தார்கள் என்று பெரும்பாலும் நான் கேட்க வேண்டியிருக்காது. தோலே சொல்லிவிடும். ஓரம் வெட்டிய மாதிரி நேர்க்கோடாக, பட்டையாகச் சிவந்து உரிந்திருந்தால் வாக்ஸ். ஒவ்வொரு முடிக்குழியைச் சுற்றியும் குத்துக்குத்தாகச் சின்னப் பருக்கள், நடுவே இரண்டொரு மெல்லிய கீறல் என்றால் த்ரெட்டிங். பூசிய இடம் முழுக்கப் பளபளவென்று சிவந்து, மூக்கின் அடியிலும் வாயோரத்திலும் மட்டும் அதிகமாக வெந்திருந்தால் முடி நீக்கும் க்ரீம். மடிப்புகளில் க்ரீம் தேங்கி நின்றிருக்கும், துடைக்கும்போதும் அங்கே விட்டுப்போயிருக்கும்.

இந்த க்ரீம்களில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்னும் உப்பு. முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கிறது. அது வேலை செய்ய பி.எச். 12ஐ ஒட்டிய கடும் காரத்தன்மை தேவை. தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனதுதான். க்ரீமுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. முடி கரைவதற்கும் தோல் வேகத் தொடங்குவதற்கும் இடையே இருக்கும் சில நிமிடங்களை நம்பித்தான் இந்த முறையே நடக்கிறது. அதனால் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். கை காலுக்கான க்ரீமை உதட்டின் மேல் பூசவே கூடாது, முகத்துக்கென்று தனியாக வருவதுதான் வேண்டும். முந்தைய நாள் தாடையோரத்தில் கொஞ்சம் பூசிச் சோதித்துப் பாருங்கள். சுரீரென்று எரிந்தால் நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே துடைத்து, குளிர்ந்த நீரில் நிறையக் கழுவிவிடுங்கள்.

வாக்ஸில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. முகப்பருவுக்கோ சுருக்கத்துக்கோ ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்றவற்றை இரவில் பூசுபவர்கள் இப்போது ஏராளம். இவை தோலின் மேலடுக்கை மெல்லியதாக்கும். அந்தத் தோலில் வாக்ஸை ஒட்டி இழுத்தால் முடியோடு தோலும் கழன்று வரும். ஈரமாய், செக்கச்செவேலென்று, தண்ணீர் பட்டாலே எரியும் பட்டையோடு வருபவரிடம் "இரவில் முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டால், "ஒரு சீரம் மட்டும்தான்" என்பார். அந்த சீரம்தான் விஷயம். ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் 6 மாதத்துக்கும் வாக்ஸ் பக்கமே போக வேண்டாம். வாக்ஸ் செய்பவர் இதையெல்லாம் கேட்பார் என்று இருக்காமல் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

த்ரெட்டிங்கில் தோல் தளர்ந்திருந்தால் முறுக்கிய நூல் தோலையும் சேர்த்துக் கடிக்கும். நாக்கை உள்ளிருந்து மேலுதட்டில் அழுத்தித் தோலை விறைப்பாக வைத்துக்கொண்டாலே பாதிக் கீறல் குறையும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்பவர்களிடம், அப்படி வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். இப்போதுதான் முடி பிடுங்கப்பட்ட திறந்த குழிகளின் மேல், இன்னொருவர் வாயில் நனைந்த நூல் ஓடும்போது, வேண்டாம் என்று சொல்ல என்ன சங்கோஜம்?

ரேஸரைப் பற்றி ஒரு வார்த்தை. மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற பயத்தில், அதைவிட அதிகம் காயப்படுத்தும் முறைகளைத் தேடிப் போகிறார்கள். 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் இதை ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் பருமனோ நிறமோ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று எழுதிவிட்டார். கூர்மையான நுனி வெட்டுப்பட்டு மழுங்கியதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். எளிதில் கறுத்துப்போகும் தோல் உள்ளவர்களுக்கு, நனைத்து, வழவழப்பான ஏதாவது பூசி, புது பிளேடால் முடி வளரும் திசையிலேயே மெதுவாக மழிப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இனி, எடுத்த பிறகு. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் எரிச்சல், முடிக்குழியைச் சுற்றி லேசான வீக்கம் இவை சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு நாள் இருக்கும். அதற்கு வேண்டியது மிகக் குறைவு. சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் வையுங்கள். தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ஐஸ் கட்டியை நேராக வைத்துத் தேய்க்காதீர்கள், எரிந்த தோலுக்குக் குளிரால் வரும் காயம் வேறு எதற்கு? பிறகு வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், அதுவும் இல்லையென்றால் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய பூச்சாக. கற்றாழை ஜெல் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் இலையை அப்போதே கீறிப் பூசுபவர்கள் தோலோடு ஒட்டி வரும் மஞ்சள் பாலை முழுவதும் கழுவிவிட வேண்டும். அதுவே அரிப்பைக் கிளப்பும்.

அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு ரெட்டினால், வைட்டமின் சி, அமில சீரம், ஸ்க்ரப், வாசனைத் திரவியம், ஆல்கஹால் கலந்த டோனர் எதுவும் வேண்டாம். நீராவி பிடிப்பதும் வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்வதும் ஒரு நாள் தள்ளிப்போகட்டும். எலுமிச்சையையும் பற்பசையையும் தேய்த்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமே வரலாம். எரிச்சல் அடங்கியதும் தினமும் சன்ஸ்க்ரீன் போடுங்கள். கருமை தங்காமல் தடுப்பதில் அதற்கு இணையாக வேறெதுவும் இல்லை. பலரும் கன்னத்திலும் நெற்றியிலும் பூசிவிட்டு உதட்டின் மேல் மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

சிவப்பு அதிகமாக இருந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் என்னும் லேசான ஸ்டீராய்டு க்ரீமை ஒரு நாள் இரண்டு நாள் பூசலாம். அதைவிட வீரியமான எதையும் நீங்களாகத் தொடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. "முகம் வெளுக்கும்" என்று கைமாறி வரும் ட்யூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் மாயம் செய்யும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு இழையாகத் தெரியும், பரு வெடிக்கும். அந்த இடத்தில் முடியும் அதிகமாக வளரும். முடி எடுத்த கருமைக்குப் பூசிய க்ரீம், முடியையே வளர்த்துவிட்ட கதையை நான் தொடர்ந்து பார்க்கிறேன். தங்கிவிட்ட கருமைக்கு அசெலாயிக் அமிலம் போன்ற பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. பொறுமை மட்டும் வேண்டும், மாதங்கள் ஆகும்.

சாதாரண எரிச்சலிலிருந்து விலகிப் போகும் சில அறிகுறிகள் உண்டு. ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு சொறியாகக் கிளம்பினால், வாக்ஸில் உள்ள பிசினுக்கோ பின்னால் பூசிய பொருளுக்கோ ஒவ்வாமையாக இருக்கலாம். முதலில் சுறுசுறுவென்று உணர்ந்து, பிறகு ஒரே இடத்தில் நீர்க் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் தொற்று. முன்பே வந்து போனவர்களுக்கு முடி பிடுங்கும் காயம் அதை மறுபடி எழுப்பிவிடும். மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் இருக்கும். சீழ்க்கட்டி வந்தால் பிதுக்காதீர்கள். மேலுதட்டிலிருந்தும் மூக்கிலிருந்தும் செல்லும் ரத்த நாளங்களுக்கு மூளையின் அடியில் உள்ள நாளங்களோடு தொடர்பு இருக்கிறது. அரிதுதான் என்றாலும் தொற்று அந்த வழியில் போனால் ஆபத்து.

முடியே பிரச்சினையாக இருப்பவர்களும் உண்டு. மேலுதட்டில் மட்டும் பூனைமுடி கொஞ்சம் கூடுதலாக இருந்து, மாதவிடாய் ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் அது குடும்ப வாகு. தாடை, மார்பு, அடிவயிறு என்று கறுத்துத் தடித்த முடி பரவி, மாதவிடாய் தள்ளிப்போய், பருவும் விடாமல் வந்தால் பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சில மாதங்களுக்குள் மளமளவென்று வளர்ந்து, குரலும் கரகரத்தால் தாமதிக்காமல் வாருங்கள்; ஹார்மோன் சுரக்கும் கட்டியா என்று பார்த்தாக வேண்டும். தலைமுடிக்குப் போடும் மினாக்சிடிலும் முகத்தில் முடி வளர்க்கும். அதைக் கேட்காமலே ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்புவது வீண்செலவு.

லேசரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கறுத்த, தடித்த முடிக்கு அது நல்ல வழி. கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகை லேசர் பாதுகாப்பானது. பூனைமுடிக்கு வேண்டாம், முகத்தில் சிலருக்கு லேசரே மெல்லிய முடியைத் தடிக்க வைத்துவிடுகிறது. நரைத்த முடியில் லேசர் பிடிக்க நிறமி இல்லை, அதற்கு, முடிக்குழிக்குள் மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் எலக்ட்ராலிசிஸ்தான். லேசருக்கு முந்தைய நான்கு வாரம் நூலும் வாக்ஸும் கூடாது. வேரில் முடி இருந்தால்தான் ஒளி அதைப் பிடிக்கும். மழித்துக்கொள்ளலாம்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது ஒப்பனை இல்லாமல் வாருங்கள், கடைசியாக எப்போது, எந்த முறையில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். முகத்துக்குப் பூசும் எல்லா ட்யூப்களையும், தீர்ந்துபோனவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் ஞாபகம் இல்லாத அந்த ஒன்றைத்தான் நான் முதலில் தேடுவேன்.