துண்டாதல்: ஒரு வாயு முகில் பல விண்மீன்களாவது

விண்வெளியில் இருக்கும் வாயு முகில் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும். அப்போது அது ஒரே உருண்டையாகத் திரளாமல் பல சிறு திரள்களாகப் பிரிந்துவிடுவதைத் துண்டாதல் என்கிறோம். ஆங்கிலத்தில் ஃப்ராக்மென்டேஷன். உடைப்பது என்று பொருள்படும் ஃப்ராங்கெரே என்ற லத்தீன் வினைதான் இதன் வேர். எலும்பு முறிவைச் சொல்லும் ஃப்ராக்சரும் அங்கிருந்து வந்ததே.

விண்மீன் பிறப்பை விளக்க இந்தக் கருத்தை விரிவாக எடுத்தாண்டவர் வானியலாளர் பிரெட் ஹாயில், ஆண்டு 1953. அடித்தளத்தை 1902இலேயே இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் போட்டிருந்தார். வாயுவின் வெப்பம் அதை விரியவைக்கப் பார்க்கிறது, ஈர்ப்பு சுருக்கப் பார்க்கிறது. ஒரு குறிப்பிட்ட நிறையைத் தாண்டிவிட்டால் ஈர்ப்பின் கை ஓங்கும். அதுதான் ஜீன்ஸ் நிறை. வாயு குளிர்ந்தால் இந்த அளவு குறையும், அடர்ந்தாலும் குறையும்.

சுருங்கும் முகிலில் அடர்த்தி கூடுகிறது. ஆனால் அப்போது உண்டாகும் வெப்பத்தை மூலக்கூறுகளும் தூசும் கதிர்வீச்சாக வெளியேற்றிவிடுவதால், வெப்பநிலை அவ்வளவாக ஏறுவதில்லை. ஆகவே ஜீன்ஸ் நிறை இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரே திரளாக இருந்ததற்குள் தனித்தனியே சுருங்கக்கூடிய பகுதிகள் தோன்றுகின்றன. கதிர்கள் எளிதில் தப்ப முடியாத அளவுக்கு வாயு அடர்ந்ததும் வெப்பநிலை ஏறத் தொடங்கும். அத்தோடு துண்டாவது நின்றுபோகும்.

தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? சிதறல், சிதைவு, பிளவு மூன்றும் ஏற்கெனவே ஒளிச்சிதறல், கதிரியக்கச் சிதைவு, அணுக்கருப் பிளவு என்று வேறு வேலையில் இருக்கின்றன. கூறுபடல் நல்ல சொல்தான், ஆனால் விண்மீன் பிறக்கும் இத்தகைய முகிலுக்கு மூலக்கூற்று முகில் என்று பெயர்; 'மூலக்கூற்று முகிலின் கூறுபடல்' என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். துண்டாக்கம் என்றால் வெளியிலிருந்து யாரோ வெட்டுவது போலாகிவிடும். முகில் தானாகவே பிரிகிறது. அதனால் துண்டாதல் என்பதே சரி என்பது என் கருத்து.

இனிமேல்தான் சிக்கல். இந்த முகில்களின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 20 கெல்வின் வரைதான், அதாவது ஏறக்குறைய மைனஸ் 263 முதல் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அவற்றின் அடர்ந்த பகுதிகளில் ஜீன்ஸ் நிறையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு சூரியனின் நிறைதான் வருகிறது. அப்படியானால் சூரியனைப் போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள பெரு விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன? கொந்தளிப்பும் காந்தப்புலமும் தாங்கிப்பிடிப்பதால் பெரிய திரள் ஒன்று அதிகம் உடையாமல் அப்படியே சுருங்குகிறது என்பது மெக்கீ, டான் என்ற வானியலாளர் இருவரின் விளக்கம். பானெல் என்ற வானியலாளரின் குழுவினர் சொல்வது வேறு: எல்லாம் சிறு துண்டுகளாகத்தான் தொடங்குகின்றன, கூட்டத்தின் நடுவே இருப்பவை, சுற்றிலுமிருந்து வந்து சேரும் வாயுவை இழுத்து இழுத்துப் பெருக்கின்றன.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கி இருண்ட முகில்களுக்குள் துருவிப் பார்த்தபோது, விண்மீன் இன்னும் பிறக்காத பெருந்திரள்கள் அரிதாகவே தென்பட்டன. சிறு துண்டுகள் நிறையவே இருந்தன. இரண்டாம் விளக்கத்தின் பக்கம் என்னைச் சாய்ப்பது இதுதான். ஓரியன் முகிலிலும் மிகப் பெரிய விண்மீன்கள் கூட்டத்தின் நடுவில்தான் இருக்கின்றன. நடுவே முதலிலேயே பெருந்திரள் இருந்திருக்கலாமே என்று முதல் தரப்பும் கேட்கலாம். ஆகையால் ஓரியனை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.