"அரோமானியத்தில் சொல் இல்லை" என்று எழுதுவதற்கு முன்

மொழியியல் கட்டுரைகளைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. அவற்றில் அடிக்கடி வருவது அரோமானியம்: பால்கன் நாடுகளில் பேசும், ருமேனியத்துக்கு நெருங்கிய, லத்தீன் வழி வந்த பேச்சு. இந்த வாரம் வந்ததிலும் அதே வாக்கியம்: "அரோமானியத்தில் சட்டம், நிர்வாகம், அறிவியல் பற்றிப் பேச முறையான சொற்கள் இல்லை, ஆகவே அது ருமேனியத்தின் வட்டார வழக்கே." முதல் பாதியைப் பற்றியாவது விவாதிக்கலாம். அந்த 'ஆகவே' எங்கிருந்து குதித்தது?

முறைநடைச் சொற்கள் மொழியின் வயிற்றிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. நீதிமன்றம், அரசாணை, பாடநூல், செய்தித்தாள் எல்லாம் அந்த மொழியில் நடந்தால்தான் அவை உருவாகும். கிரேக்கத்தின் பிந்தோஸ் மலைகள், அல்பேனியா, வட மாசிடோனியா, பல்கேரியா, ருமேனியாவின் டோப்ருஜா எனச் சிதறி வாழும் அரோமானியருக்குத் தங்களுக்கென்று ஓர் அரசு இருந்ததில்லை. 1864 முதல் ருமேனிய அரசின் பணத்தில் அவர்கள் ஊர்களில் திறந்த பள்ளிகளிலும் முக்கியமாக ருமேனியம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பள்ளிகளில் கிரேக்கம். அப்புறம் சட்டச் சொல் எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ருமேனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1860 வாக்கில்தான் அது சிரில்லிக் எழுத்தை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் அறிஞர்கள் பிரெஞ்சிலிருந்தும் இத்தாலியத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் சொற்களை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். 'சுதந்திரமான' என்பதற்கு இருந்த ஸ்லாவியச் சொல் 'ஸ்லொபோட்' பின்னுக்குப் போய், 'லீபெர்' முன்னே வந்தது. இன்று நாம் பார்க்கும் மிடுக்கான முறைநடை பெரும்பாலும் அந்தக் காலத்து உழைப்பு. 1800இல் இருந்த ருமேனியத்தை இதே அளவுகோலால் அளந்தால் அதற்கும் மதிப்பெண் குறைவுதான். சுவிட்சர்லாந்தின் சிறுபான்மை மொழியான ரொமான்ஷுக்கு 1919இலேயே லியா ருமான்ச்சா என்ற மொழி வளர்ப்பு அமைப்பு கிடைத்தது. 1938இல் ரொமான்ஷ் தேசிய மொழியானது. 1982இல் பொது எழுத்துநடையும் வந்தது. அலுவலகமும் பணமும் இருந்தால் சொல் வரும். (அந்தப் பொதுநடையைப் பள்ளியில் வைக்கலாமா என்ற சண்டை வேறு கதை.)

அரோமானியத்தில் எழுத்தே இல்லை என்பவர்களும் உண்டு. இன்றைய அல்பேனியாவில் உள்ள மொஸ்கொபோலே நகரத்து அறிஞர் கவலியோத்திஸ் 1770இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் கிரேக்கம், அரோமானியம், அல்பேனியம் மூன்றுக்கும் சொற்பட்டியல் இருக்கிறது. பொயாஜி என்பவர் எழுதிய அரோமானிய இலக்கணம் 1813இல் வியன்னாவில் வந்தது. தேடிப் பார்க்காதவர்கள் 'இல்லை' என்று எழுதக் கூடாது.

சரி, எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை.

ருமேனிய அகராதியிலிருந்து எடுத்து, விகுதியை மாற்றி, 'அரோமானியச் சொல்' என்று அட்டவணை போடாதீர்கள். இதைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சொல்லை எந்த ஊரில், எந்த நூலில் எடுத்தீர்கள், எந்த எழுத்துமுறை என்று குறிப்பிடுங்கள். குனியா முறையில் (அரோமானியத்துக்கென்றே அமைத்த லத்தீன் எழுத்துமுறை) எழுதியதையும் ருமேனிய எழுத்தில் எழுதியதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

'வட்டார வழக்கு' என்றால் யார் சொல்வது என்று சேர்த்து எழுதுங்கள். ருமேனியாவில் பலரின் நிலைப்பாடு அது. தனி மொழி என்று கொள்ளும் மொழியியலாளர்களும் ஏராளம். 1997இல் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை அரோமானிய மொழிக்கும் பண்பாட்டுக்கும் தனியாகப் பரிந்துரையே வெளியிட்டது.

கடன்சொல்லைப் பார்த்து 'கலப்படம்' என்று முகம் சுளிக்க வேண்டாம். 'கிராமம்' என்பதற்கு அரோமானியத்தில் வழங்கும் 'ஹ்வாரா' கிரேக்கத்திலிருந்து வந்தது. நூற்றாண்டுகளாக வணிகமும் தேவாலயமும் கிரேக்கத்தில் நடந்தால் வேறெப்படி இருக்கும்? களப்பணிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாட்டி ஒருவர் கிரேக்கச் சொல்லைச் சொன்னால், தயவுசெய்து அவரைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அரோமானியத்தைப் போலவே ருமேனியத்துக்கு உறவான மெக்லெனோ ருமேனியம், இஸ்திரோ ருமேனியம் பற்றி எழுதுவோருக்கும் இவையெல்லாம் பொருந்தும். இஸ்திரோ ருமேனியம் பேசும் இஸ்திரியா தீபகற்பத்தில் கிரேக்கத்தின் இடத்தில் குரோவாசியம் இருக்கும், அவ்வளவுதான்.