மீன் தொட்டியை முழுசாகக் கழுவாதீர்கள்

"ஞாயித்துக்கிழமைதான் சார் எல்லாத்தையும் வெளியே எடுத்து நல்லாக் கழுவி வெச்சோம். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. புதன்கிழமைக்குள்ள ஆறு மீன் போயிடுச்சு."

செடி வளர்க்கும் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கிற நாங்கள் எல்லோரும் இந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வீட்டில் ஆள் இருக்கும் கோடை விடுமுறையில் இன்னும் அதிகம். மீன் செத்ததற்குத் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள், கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள். கழுவியதை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எப்படிக் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். மீன்களைப் பிடித்து பக்கெட்டில் விடுகிறார்கள். வேர் பிடித்த செடிகளைப் பிடுங்குகிறார்கள். அடியில் கிடக்கும் கல்லை அரிசி களைவதுபோல நாலு தண்ணீர் விட்டுக் களைகிறார்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிகிறார்கள். சிலர் சோப்பும் போடுகிறார்கள். பிறகு புதுத் தண்ணீர் நிரப்பி அன்றைக்கே மீன்களைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது நீங்கள் இல்லை; அந்த ஸ்பாஞ்சிலும் கல்லிலும் செடியின் தண்டிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அவற்றைக் கொல்லும்.

தயிருக்கு உறை ஊற்றுகிறீர்கள் அல்லவா? பாத்திரத்தில் ஒரு கரண்டி பழைய தயிர் இருந்தால்தான் நாளைக்குப் பால் தோயும். ஸ்பாஞ்சில் இருக்கும் அந்தப் பழுப்புநிறக் குழகுழப்பு உங்கள் தொட்டியின் உறை. அதைத் துப்புரவாகக் கழுவி ஊற்றிவிட்டுத் தண்ணீர் ஏன் வெள்ளையாகக் கலங்குகிறது, மீன் ஏன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? பழுப்பாக இருக்கும் ஸ்பாஞ்ச்தான் வேலை செய்யும் ஸ்பாஞ்ச். வெள்ளை ஸ்பாஞ்ச் வெறும் பஞ்சு.

கழுவிய அன்று தண்ணீர் பளிச்சென்று இருக்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. இரண்டு, மூன்று நாளில் அது ஏறி மீனின் செவுளை அரிக்கும். அதனால்தான் மரணம் ஞாயிற்றுக்கிழமை நடக்காமல் புதன்கிழமை நடக்கிறது.

நம் ஊர்த் தண்ணீரில் இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) மெல்ல மெல்ல இறங்கி 6.5-க்கு வந்திருக்கும். அங்கே அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனிய அயனியாக அடங்கிக் கிடக்கும். சென்னையின் போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டி இருக்கிறது. 25 டிகிரியில், பிஎச் 7 உள்ள தண்ணீரைவிட 8 உள்ள தண்ணீரில் விஷ வடிவ அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. சூடு ஏறினால் இன்னும் கூடும். ஆறு மாதம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறவர் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்.

சரி, வாரம் ஒருமுறை செய்ய வேண்டியது எவ்வளவு? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல், மண், கட்டை போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் கால் பங்கு, அதாவது 12 அல்லது 13 லிட்டர். ஒரு பக்கெட். அரைமணி நேர வேலை.

முதலில் ஃபில்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்பக்கக் கண்ணாடியில் படிந்த பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள். பிளேடால் சுரண்டுகிறவர்கள் கவனம்: மூலைகளில் சிலிக்கான் ஒட்டு இருக்கும் இடத்தில் அது படக் கூடாது, பட்டால் கசிவு. மஞ்சளான, கண்ணாடிபோல மெலிந்த, ஓட்டை விழுந்த இலைகளைக் காம்போடு வெட்டி எடுங்கள். அழுகும் ஒரு இலை மீன் கழிவைப் போலவே அம்மோனியாவைக் கொடுக்கும். புதிதாக வாங்கி நட்ட கிரிப்டோகோரைன் செடியின் இலையெல்லாம் கரைந்தால் பதறாதீர்கள், கரைந்ததை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவையுங்கள், தளிர் வரும்.

அடுத்து சைஃபன் டியூப். செடி இல்லாத முன்பக்கத்தில் கல்லின்மேல் படிந்த கழிவை மட்டும் உறிஞ்சுங்கள். செடியடியில் குத்தவே கூடாது. அக்வாசாயில் என்ற உரமுள்ள செடி மண் போட்டவர்கள் டியூப்பை மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து நகர்த்தினால் போதும். மண்ணைக் கிளறினால் அடியில் தங்கிய உரமெல்லாம் மேலே வந்து அடுத்த வாரமே பாசியாகும். வெளியே எடுத்த அந்தத் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றுங்கள், ரோஜாவுக்கு நல்லது. ஆனால் ஒரு மக் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

அந்த மக் தண்ணீரில்தான் ஸ்பாஞ்சை அலச வேண்டும். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, அல்லது ஃபில்டரின் வேகம் குறையும்போது. நாலைந்து தடவை அமுக்கி விட்டால் முடிந்தது, தண்ணீர் தெளியும்வரை பிழிய வேண்டாம். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒருமுறை ஒன்று, அடுத்தமுறை மற்றொன்று. வெள்ளைப் பஞ்சு வேறு விஷயம். அது தூசி பிடிக்க மட்டும்தான், வாரா வாரம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம். ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் வளையங்களை உடையும்வரை மாற்றத் தேவையில்லை. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மீடியா மாத்தணும்" (ஃபில்டருக்குள் இருப்பதையெல்லாம்) என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அவ்வப்போது மாற்ற வேண்டியது வெள்ளைப் பஞ்சும் கரித்தூளும்தான்.

புதுத் தண்ணீரை அடியில் ஒரு சிறு தட்டையோ பிளாஸ்டிக் கவரையோ வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். மண் கிளம்பாது.

இனி, எந்தத் தண்ணீர்? மெட்ரோ வாட்டரும் லாரித் தண்ணீரும் என்றால் குளோரின் நீக்காமல் ஊற்றக் கூடாது. கடையில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம் 10 லிட்டருக்கு 0.1 கிராம் போட்டால் ஏறக்குறைய 1.4 பிபிஎம் (லிட்டருக்கு 1.4 மில்லிகிராம்) குளோரின் போகும். லாரித் தண்ணீரில் வாடை அடித்தால் இரண்டு மடங்கு போடுங்கள். அல்லது வாயகன்ற பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், அதையும் சில மணி நேரம் ஏர் பம்பில் ஓடவிட்டு ஊற்றுவது நல்லது. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரம் பிபிஎம்மைத் தாண்டினால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலக்கலாம். வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் கூடாது, அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை மதியம் பிடித்து அப்படியே ஊற்றாதீர்கள். கையில் சுடும் தண்ணீர் மீனுக்கு வெந்நீர். முந்தின இரவே பக்கெட்டில் பிடித்து வைத்துக் காலையில் மாற்றுங்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 மட்டுமே. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் கோடையில் விளக்கணைத்தபின் ஏர் பம்ப் ஓடட்டும்.

கலங்கல் எல்லாம் ஒன்றல்ல. நிறத்தைப் பார்த்துத்தான் மருத்துவம்.

பால் கலந்ததுபோல வெள்ளையாக இருந்தால் அது தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியிலும் கழுவிய தொட்டியிலும் வரும். தீனியைப் பாதியாக்கி, காற்று விட்டு, அம்மோனியா பார்த்துக்கொண்டு காத்திருந்தால் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தானாகத் தெளியும். பொறுக்காமல் மறுபடி கழுவுகிறவருக்கு மறுபடி கலங்கும்.

தேநீர் நிறம் என்றால் கட்டையிலிருந்து இறங்கும் டேனின். மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்காவிட்டால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள்.

பச்சைத் தண்ணீர் என்றால் வெளிச்சம் அதிகம். எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் போகாது. ஜன்னல் வெயில் தொட்டியில் நேராக விழுகிறதா பாருங்கள். விளக்கு 7 மணி நேரம், புதுத் தொட்டிக்கு 6, டைமர் போட்டு. ஹால் அழகாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து இரவு வரை எரியவிடுவது பாசி வளர்க்கும் வேலை. வந்துவிட்டால் கெட்டிப் போர்வையால் தொட்டியை 4 நாள் முழுசாக மூடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும், தீனி வேண்டாம். திறந்ததும் 40 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகி அம்மோனியாவாகும். சிறிய யுவி ஃபில்டர் ஒன்று இருந்தால் இந்தப் பாடே வேண்டாம்.

கட்டையிலும் இலை ஓரத்திலும் கறுப்புத் தாடிபோலப் பாசி முளைப்பது பெரும்பாலும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்குவதால். செடிக்கு அந்த வாயுவைக் கொடுக்க ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்ட பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது அதிகம் வருவது அதனால்தான். ஃபில்டரை நிறுத்தி, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசியில்லாத சிரிஞ்சால் அந்த இடத்திலேயே விட்டு, 10 நிமிடம் கழித்து ஓடவிடுங்கள். 50 லிட்டருக்கு 3 சதவீதக் கரைசல் 12 மி.லி. தாண்டக் கூடாது. நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிளைப் படித்துச் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். இறாலும் மாஸ் எனும் பாசிச் செடியும் உள்ள தொட்டியில் இதையும் தவிருங்கள்.

படிகாரம் போடலாமா என்று ஒரு கேள்வி விடாமல் வருகிறது. குடத்துத் தண்ணீருக்குச் சரி. தொட்டியில் போட்டால் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பிஎச்சைச் சரித்துவிடும். நீல மருந்தும் அப்படித்தான்: மெத்திலீன் நீலம் நோய்க்கிருமியோடு சேர்த்து ஃபில்டரின் உறையையும் கொல்லும், செடியையும் வாட்டும். நோய்வாய்ப்பட்ட மீனைத் தனி டப்பாவில் வைத்து மருந்து போடுங்கள். கல்லுப்பும் அங்கே மட்டும்தான்.

"டேங்க் கிளீனர்" என்று சென்னைக் கொளத்தூரிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் விரலளவில் விற்கும் சக்கர் மீனை இந்தத் தொட்டிக்கு வாங்காதீர்கள். ஒரு அடிக்குமேல் வளரும், செடியைப் பிடுங்கும், தின்பதைவிடக் கழிவது கண்ணுக்குத் தெரியும். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் அது பெருகி வலைகளைக் கிழிப்பது இப்படித்தான் தொடங்கியது. வெட்டிய செடிகளையும் வாய்க்காலில் எறியாதீர்கள். கேரளத்து நீர்நிலைகளை மூடிய கபோம்பாவும் தொட்டிச் செடிதான். காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பாசிக்கு நெரைட் நத்தை நாலு போதும்.

தீனி: இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை, வாரத்தில் ஒருநாள் விரதம். குட்டி நத்தைகள் திடீரென்று பெருகினால் தீனி அதிகம் என்று பொருள்.

கரண்ட் கட் பற்றி கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் சில மணி நேரம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டித் தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள்.

இதைப் படிக்குமுன்பே கழுவிவிட்டவர்களுக்கு: இன்றிலிருந்து 3 நாள் தீனி போடாதீர்கள். ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும். அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் இன்றே வாங்குங்கள். இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை தினமும் 30 சதவீதம், குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரை மாற்றுங்கள். மிதக்கும் வாட்டர் ஸ்பிரைட், செராட்டோஃபில்லம் செடிகளைக் கைநிறையப் போடுங்கள், அவை அம்மோனியாவை நேராக உறிஞ்சும். நோயில்லாத, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே முக்கி எடுத்துவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். வரும் வழியில் யாரும் அதைக் கழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.