புரோமின் ஏன் எதிர்ப்பக்கத்தில் வந்து சேர்கிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வளைய ஹெக்சீனுடன் புரோமின் சேரும்போது, இரண்டு புரோமின் அணுக்களும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்கின்றன என்று வகுப்பில் சொன்னார்கள். ஒன்றோடொன்று பிணைந்து ஒரே மூலக்கூறாக வருகிற இரண்டு அணுக்களும் ஒரே பக்கத்தில் இறங்குவதுதானே எளிது?" மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆல்கீன்களின் (கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மங்களின்) சேர்க்கை வினைகளை விதி விதியாக மனப்பாடம் செய்யும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிக் கிடக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்தால் அவ்விதிகளில் பலவற்றை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

அடிப்படை பாடநூலில் உள்ளதுதான். கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பில் ஒன்று இரு அணுக்களுக்கும் நேர் இடையே அமையும் வலிய சிக்மா பிணைப்பு, மற்றொன்று அதைவிட வலுக்குறைந்த பை பிணைப்பு. பை எலக்ட்ரான்கள் மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் பரவி நிற்பதால், எலக்ட்ரான் குறைந்த எதுவும் அவற்றை எளிதில் நெருங்கலாம். பை பிணைப்பு அவிழ்ந்து இரண்டு புதிய சிக்மா பிணைப்புகள் உண்டாவதே சேர்க்கை வினை. புரோமின் நீரின் செம்பழுப்பு நிறம் மறைவது இதற்கு அடையாளம். பண்ருட்டிப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய மணிலா (நிலக்கடலை) எண்ணெயோடு புரோமின் நீரைச் சேர்த்துக் குலுக்கினால் நிறம் மறையும். அதே அளவு தேங்காய் எண்ணெய் மிகக் குறைந்த புரோமினையே ஏற்கும். நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதைக் குறிக்கும் அயோடின் எண், மணிலா எண்ணெய்க்கு 85 முதல் 99 வரையிலும், தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10 வரையிலும் இருக்க வேண்டும் என நம் நாட்டின் உணவுத் தர விதிகள் வரையறுப்பதும் இரட்டைப் பிணைப்புகளின் இந்த வேறுபாட்டைக் கொண்டுதான்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். புரோமின் மூலக்கூறு பை எலக்ட்ரான்களை நெருங்கும்போது, அதன் அருகிலுள்ள அணு சற்றே நேர் மின்தன்மையும், தொலைவிலுள்ள அணு சற்றே எதிர் மின்தன்மையும் அடைகின்றன. பை எலக்ட்ரான்கள் அருகிலுள்ள அணுவைப் பற்றிக்கொள்ள, மற்ற அணு பிணைப்பு எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு புரோமைடு அயனியாக விலகிவிடுகிறது. ஆக, இரண்டு அணுக்களும் சேர்ந்து இறங்குவதே இல்லை. முதல் அடியிலேயே பிரிந்துவிடுகின்றன.

இதன் பின் நடப்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. ஒரு கார்பனோடு மட்டும் புரோமின் இணைந்தால், மற்றக் கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையோடு நேர் அயனியாகத் தவிக்க வேண்டும். புரோமின் அதை விடுவதில்லை. தன்னிடமுள்ள தனித்த எலக்ட்ரான் இணைகளில் ஒன்றை அந்தக் கார்பனுக்கும் நீட்டி, இரு கார்பன்களையும் ஒருசேரப் பற்றி, மூன்று அணுக்கள் கொண்ட சிறு வளையமாகிவிடுகிறது. இதுவே புரோமோனியம் அயனி. தெருவாசலை ஒருவர் மறித்து உட்கார்ந்திருந்தால் அடுத்து வருபவர் கொல்லை வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வர முடியும். புரோமைடு அயனியின் நிலையும் அதுவே. இடநெருக்கடி மட்டுமே இதற்குக் காரணம் அன்று. கார்பன்-புரோமின் பிணைப்பு உடைய வேண்டுமானால் புதிய எலக்ட்ரான்கள் அதன் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள், அதாவது எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்தும் வெற்றிடத்துக்குள், நுழைய வேண்டும். அந்த ஆர்பிட்டால் கார்பனின் பின்புறத்தை நோக்கியே விரிந்திருக்கிறது. எனவே புரோமைடு பின்புறமிருந்து தாக்குகிறது, வளையம் திறக்கிறது, இரு புரோமின்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைகின்றன.

இப்படியொரு வளையம் உருவாகிறது என்பதை 1937-இல் ராபர்ட்ஸ், கிம்பால் என்னும் இரு வேதியியலர்கள் முன்வைத்தனர். அவர்கள் முன்னிருந்த புதிருக்கு ஃபியூமரிக் அமிலமும் மலேயிக் அமிலமும் நல்ல எடுத்துக்காட்டு. இவை ஒன்றுக்கொன்று ட்ரான்ஸ், சிஸ் மாற்றியங்கள்: அமிலத் தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் ட்ரான்ஸ், ஒரே பக்கத்தில் இருந்தால் சிஸ். முன்னதுடன் புரோமின் சேர்ந்தால் 255 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும் மீசோ சேர்மமும் (தன் ஆடிப்பிம்பத்தோடு ஒன்றிப்போவது), பின்னதுடன் சேர்ந்தால் பெரும்பாலும் 167 டிகிரியை ஒட்டி உருகும் சுழிமாய்க் கலவையும் (ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்கள் சம அளவில் கலந்தது) கிடைக்கின்றன. இடையில் வெறும் கார்பன் நேர் அயனி உருவாகியிருந்தால், ஒற்றைப் பிணைப்பு விருப்பம்போல் சுழன்று, இரண்டு அமிலங்களும் ஒரே கலவையைத்தான் தந்திருக்கும். வளையம் அந்தச் சுழற்சியைத் தடுத்துவிடுகிறது.

வினை இரண்டு படிகளில் நடக்கிறது என்பதற்கான சான்று அதற்கும் முன்பே, 1925-இல், ஃபிரான்சிஸ் என்பவரின் சோதனையில் கிடைத்திருந்தது. மரக்காணத்து உப்பளங்களில் விளையும் அதே சோடியம் குளோரைடைப் புரோமின் நீரில் கரைத்து எத்திலீனைச் செலுத்தினால், ஒரு புரோமினும் ஒரு குளோரினும் கொண்ட சேர்மம் உண்டாகிறது. இரண்டு குளோரின் கொண்ட சேர்மம் உண்டாவதில்லை. முதலில் சேர்வது புரோமின்தான், இரண்டாவதாக வருவது பின்புறத்தில் தயாராக நிற்கும் எதுவாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உப்புச் சேர்க்காத வெறும் புரோமின் நீரிலும் இதே தர்க்கம் செல்லும். அங்கே புரோமைடு அயனிகளைவிட நீர் மூலக்கூறுகள் பன்மடங்கு மிகுதி. ஆகவே வளையத்தைப் பெரும்பாலும் திறப்பது நீர்தான். கிடைக்கும் முதன்மை விளைபொருள், ஒரு கார்பனில் புரோமினும் அடுத்த கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதியும் உள்ள புரோமோஹைட்ரின். பல வழிகாட்டி நூல்கள் இங்கும் டைபுரோமைடு என்றே எழுதுவதை மாற்ற வேண்டும். புரோப்பீனில் அந்த ஹைட்ராக்சில் ஏன் நடுக் கார்பனுக்குச் செல்கிறது? வளையத்தின் நேர் மின்சுமையில் பெரும்பங்கைத் தாங்க வல்லது, அருகில் கார்பன்கள் மிகுந்த நடுக் கார்பனே. ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது புரோமின் அதே நடுக் கார்பனுக்குப் போவதும் இந்தக் காரணத்தால்தான். இப்படிச் சேரும் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் தம் விதியை வேதியியலர் மார்கோனிகாஃப் 1869-இல் சொன்னபோது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

புரோமின் நச்சுத்தன்மை உடையது. ஆவி வெளியேற்றும் பெட்டகம் இல்லாமல் அதைக் கையாளக் கூடாது. அந்தப் பெட்டகம் இல்லாத காரணத்தால் இச்சோதனையைக் கரும்பலகையில் மட்டுமே காணும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களுக்கு நிதி ஒதுக்குவதைவிட அவசரமான கல்விச் செலவு வேறொன்று உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

புரோமோனியம் அயனியை நேரில் கண்டவர் உண்டா என்றும் அந்த மாணவி அடுத்துக் கேட்கக்கூடும். உண்டு. அடமான்டேன் எனப்படும் இரண்டு கார்பன் கூடுகளை இரட்டைப் பிணைப்பால் இணைத்த ஓர் ஆல்கீனில், பருத்த அக்கூடுகள் பின்புறத்தையும் அடைத்துக்கொள்வதால் புரோமைடு உள்ளே வர இயலாமல் வினை பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன அயனியின் உப்பை 1969-இல் பிரித்தெடுத்தனர். 1985-இல் எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வு, இரு கார்பன்களையும் ஒரே புரோமின் பற்றியிருக்கும் அந்த வளையத்தை உறுதிசெய்தது.