கண்ணாடி வீடு கட்டிக்கொள்ளும் செடி

சிக்கிமின் லாச்சென் பள்ளத்தாக்கில், கரும்பாறைச் சரிவுகளில் வெளிர்மஞ்சள் கோபுரங்கள் நிற்பதை 1840களின் இறுதியில் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் பார்த்தார். ஒரு மைல் தொலைவிலேயே கண்ணில் படுகின்றன என்று எழுதி வைத்தார். பிறகு அந்தச் செடிக்கு ரீயம் நோபிலே என்று பெயரும் வந்தது.

4,000 மீட்டருக்கு மேலே மரம் கிடையாது. காற்றுக்கும் குளிருக்கும் அஞ்சி மற்ற செடிகளெல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்க, இது மட்டும் ஆள் உயரத்துக்கு நிமிர்கிறது. எந்தத் தைரியத்தில்?

மஞ்சளாகத் தெரிவது பூ அல்ல, இலை. தண்டைச் சுற்றி, கூரை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கும் பூவடி இலைகள். பச்சையம் கிட்டத்தட்ட இல்லாததால் எண்ணெய்க் காகிதம்போல ஒளியை உள்ளே விடும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால்தான் அடியில் ஒளிந்திருக்கும் பொடிப் பொடிப் பச்சைப் பூக்கள் தெரியும்.

வெளிச்சம் உள்ளே போகிறது. வெப்பம் அங்கேயே தங்கிவிடுகிறது. வெயில் நாளில் உள்ளே வெளியைவிட 10 டிகிரி வரை கூடுதல் சூடு இருக்கும். மலையுச்சியில் கடுமையாக அடிக்கும் புற ஊதாக் கதிரை இலையிலுள்ள ஃபிளாவனாய்டு நிறமிகள் தடுத்துவிடுகின்றன. இது பூப்பதோ மழைக்காலத்தில். நனைந்தால் மகரந்தம் வீணாகும். அதற்கும் இந்தக் கூரைதான் காவல்.

அந்தக் கதகதப்புக்குக் குடிவருவது ஒரு சின்னஞ்சிறு பூஞ்சைக் கொசு. மகரந்தத்தைச் சுமந்து போகிறது, பூவிலேயே முட்டையும் இடுகிறது. பொரித்து வரும் புழுக்கள் விதைகளில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்கு வாடகை கொடுக்கிற விசித்திர ஏற்பாடு இது!

இளந்தண்டு புளிக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைத் தின்பார்கள். ‘சுக்கா’ என்று பெயர். நம்மூர் சுக்கான் கீரையும் இதே குடும்பம்தான், அதே புளிப்பு.

பல ஆண்டுகள் வெறும் இலைக்கொத்தாகவே இருந்து, கை பருமனுள்ள வேரில் சேமித்ததையெல்லாம் செலவழித்து ஒரே ஒருமுறை பூக்கும். விதை முற்றியதும் மஞ்சள் இலைகள் பழுப்பேறிக் கிழிந்து உதிரும். செடியும் முடிந்துவிடும். குளிர்காலத்தில் அதே பாறையில், பனிக்கு மேலே ஒரு கறுத்த மொட்டைக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும்.