'மனக்கிளர்ச்சி' அல்ல, உந்துதல்

ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துவது, பக்கத்துப் பையன் முறைத்தால் உடனே கையை ஓங்குவது, வரிசையில் பாய்ந்து முன்னே போவது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துபவர்கள் தினமும் பார்ப்பவை இவை. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் 'இம்பல்ஸ்' என்பதைத் தமிழில் 'மனக்கிளர்ச்சி' என்று எழுதுகிறார்கள். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிகளில் கொடுக்கும் தாள்களில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கடைசியாக வந்த தாளின் தலைப்பு 'மனக்கிளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் திறன்'. "கிளர்ச்சின்னா போராட்டம்தானே சார், பசங்க ஸ்ட்ரைக் பண்ணாம தடுக்கவா?" என்று பக்கத்தில் இருந்த ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி.

லத்தீனில் 'இம்பெல்லரே' என்றால் தள்ளு, முன்னே செலுத்து. அதிலிருந்து வந்ததுதான் இம்பல்ஸ். பத்தாம் வகுப்பு இயற்பியலில் இதற்குக் 'கணத்தாக்கு' என்று பெயர். அங்கே அது அருமையான சொல், மனசுக்கு உதவாது. ஆனால் அந்தக் கணத்தாக்கு உந்த மாற்றத்துக்குச் சமம் என்று அதே பாடம் சொல்கிறது. நாம் தேடும் 'உந்துதல்' என்ற சொல்லின் வேர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல். நாளை ஏற்காடு டூர் என்று அறிவித்ததும் வகுப்பே துள்ளுகிறதே, அது கிளர்ச்சி. கணக்குப் பாடம் போரடித்து, முன்பெஞ்சுக்காரன் வெள்ளைச் சட்டையில் ஒருவன் பேனாவால் கோடு இழுக்கிறான் என்று வையுங்கள். அவன் மனம் பொங்கவில்லை, முகத்தில் தூக்கம்தான் இருக்கிறது, கை மட்டும் போகிறது. ஏன் செய்தாய் என்றால் "தெரியல மிஸ்" என்பான். உண்மையிலேயே தெரியாது. இன்னொருத்தி தோழி காட்டிக்கொடுத்ததில் கொதித்துப்போய், நோட்டைக் கிழிக்கப் போன கையை மடக்கி மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறாள். அவளிடம் கிளர்ச்சி உண்டு, ஆனால் உந்துதலை நிறுத்திவிட்டாள். இந்த இருவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

'தூண்டுதல்' என்பது அடுத்த போட்டியாளர். கொஞ்சம் தேவலாம், ஆனால் அதுவும் இடம் மாறி உட்காருகிறது. திரியைத் தூண்டுவது வெளியிலிருந்து ஒரு கை. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது தூண்டுதல், அதைக் கேட்டதும் உள்ளிருந்து கையைத் தள்ளுவது உந்துதல், அடிப்பது செயல். பிள்ளைக்குப் பயிற்சி வேண்டியது பின்னிரண்டுக்கும் நடுவில். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் வளைவுக்குள் போனபிறகா பிரேக்கைத் தேடுகிறார்? முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறார். தூண்டுதலும் உந்துதலும் ஒரே சொல்லானால் அந்த 'முன்னாலே' எங்கே என்று காட்டவே முடியாது.

கல்வி உளவியலில் பசி, தாகம் போன்றவற்றை உந்துதல் என்கிறார்களே, குழம்பாதா என்று ஓர் ஆட்சேபம் வரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பி.எட். பாடம் படிப்பதில்லை. வேண்டுமானால் 'திடீர் உந்துதல்' என்று எழுதுங்கள்.

இம்பல்ஸுக்கு 'ஆத்திரம்' என்று எழுதலாமே என்றால், அது வடமொழி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவசரமும் கோபமும் ஒன்றாகக் கலந்த சொல் அது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பாட்டிகள் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனாலும் சட்டையில் கோடு போட்டவனுக்கு அது பொருந்தாது, அவனுக்கு ஏது கோபம்? உந்துதல் வந்ததும் செய்துவிடும் சுபாவத்துக்கு 'அவசரப்புத்தி' என்ற சொல் இருக்கிறது. வகுப்பில் சொன்னால் ஒருத்தரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று. கலிஃபோர்னியாவின் உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப்படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் தேர்ந்தெடுத்தவர்களின் மூளையில், பயம் போன்ற உணர்ச்சிகளில் வேலை செய்யும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. பெயர் வைப்பதே பாதி வைத்தியம் என்றால், வாயில் நுழையாத பெயரைக் கொடுத்து என்ன பயன்? நிதானிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுசாக முதிர இருபது வயது தாண்டி சில ஆண்டுகள் ஆகும். ஏழாம் வகுப்புப் பையனுக்கு அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவனைக் 'கட்டுப்பாடு இல்லாதவன்' என்பதும் தப்பு.

இதே தாள்களில் 'எமோஷன் ரெகுலேஷன்' என்பதற்கு வரும் 'உணர்ச்சி ஒழுங்குமுறை'யையும் விட முடியவில்லை. ஒழுங்குமுறை என்றால் எங்கள் பக்கத்து விவசாயிக்கு விற்பனைக்கூடம்தான் ஞாபகம் வரும். மூட்டை இறக்கி எடை போடும் இடம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல்லை அகராதியில் எடுத்து ஒட்டிவிட்டு, அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்களின் வேலை இது. 'ஆறுவது சினம்' என்று ஔவையார் சொன்னதை ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். காபி ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். "மனசை ஆத்திக்க" என்று ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். 'உணர்ச்சி ஒழுங்குமுறை உத்திகள்' என்பதை அடித்துவிட்டு 'ஆற்றிக்கொள்ளும் வழிகள்' என்று எழுதினால் அச்சில் ஒரு சொல் மிச்சம்.