ஸ்மூத்தனிங் செய்த முடிக்குள் என்ன நடக்கிறது?

முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் முடித்துக் கிளம்பும்போது பார்லரில் வரிசையாகச் சொல்லி அனுப்புவார்கள்: மூன்று நாள் தலைக்குக் குளிக்காதீர்கள், கிளிப் மாட்டாதீர்கள், காதுக்குப் பின்னால் ஒதுக்காதீர்கள், சல்பேட் (நுரைத்து அழுக்கை எடுக்கும் பொருள்) இல்லாத ஷாம்பு போடுங்கள். ஏன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. காரணம் தெரியாத விதியை நாமும் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுகிறோம். முடிக்குள் நடப்பது தெரிந்தால் எதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது தானாகவே புரியும்.

முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பிணைப்புகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஈர முடியைப் பின்னிக் காயவிட்டால் நெளி விழுவது இதனால்தான். மற்றொன்று டைசல்ஃபைடு பிணைப்பு. இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்து உருவாகும் இதைத் தண்ணீரோ சாதாரண வெப்பமோ அசைக்காது. முடியின் நிலையான வடிவத்தைக் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ரீபாண்டிங் வகை ஸ்மூத்தனிங்கில் குறிவைப்பது இந்தக் கந்தகப் பிணைப்பைத்தான். அம்மோனியம் தயோகிளைகோலேட் போன்ற காரத்தன்மையுள்ள கிரீம் முடியை உப்பவைத்து உள்ளே போய், பிணைப்புகளில் ஒரு பகுதியை உடைக்கும். அப்புறம் கிரீமை அலசிக் காயவைத்து, அயர்ன் செய்து நேராக்குவார்கள். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசர், உடைந்த கந்தகங்களைப் புதிய இடங்களில் இணைக்கும். ஆனால் எல்லாம் இணைவதில்லை. சில கந்தகங்கள் ஆக்சிஜனேற்றம் பெற்று, இனி ஒருபோதும் சேர முடியாத அமிலமாக மாறிவிடும். அதனால் நன்றாகச் செய்த ஸ்மூத்தனிங்கிலும் முடியின் வலிமை சற்றுக் குறையத்தான் செய்யும். தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிரணு கிடையாது, ஆகவே அது தானாக ஆறாது. இருப்பதைத் தேயாமல் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

கெரட்டின் ட்ரீட்மெண்ட் என்று செய்வது வேறு. அதில் பெரும்பாலும் கந்தகப் பிணைப்பை உடைப்பதில்லை. ஃபார்மால்டிஹைடோ, சூடாக்கினால் அதை வெளியிடக்கூடிய கிளையாக்சிலிக் அமிலம் போன்ற பொருளோ, வெப்பத்தில் புரதங்களைக் குறுக்கே இணைத்து முடியை நேராக நிறுத்துகிறது. சில மாதங்களில் அது கழுவிக் கழுவிப் போய்விடும். ஃபார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. லேபிளில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று இருந்தாலும், அயர்ன் செய்யும்போது கண் எரிந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். எந்த வகை செய்தார்கள், எந்தத் தயாரிப்பு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம். மூன்று நாள் கணக்கும் அதைப் பொறுத்தே மாறும். அன்றே அலசச் சொல்லும் தயாரிப்புகளும் உண்டு. காத்திருக்கச் சொன்னால், அந்த நாட்களில் நனைவதும் மடிவதும் புதிய வடிவம் நன்றாக நிலைப்பதற்குள் தடம் விழ வைத்துவிடலாம் என்பதுதான் காரணம்.

இனி வருவது நீண்ட காலப் பராமரிப்பு. இதில் மிக அதிகக் கவனம் கேட்பது தலைக்குக் குளிக்கும் நேரம். முடியின் மேல்பரப்பில் மீன் செதில் போல அடுக்குகள் உண்டு. அவற்றின் மேல் தண்ணீரை ஒட்டவிடாத மெல்லிய கொழுப்புப் படலம் இயற்கையாகவே இருக்கும். காரக் கிரீம் இந்தப் படலத்தைப் பெருமளவு அகற்றிவிடுகிறது. அதனால் தண்ணீர் எளிதாக உள்ளே போகும். நல்ல முடியே முழுக்க நனைந்தால் சுமார் 15 சதவீதம் தடிக்கும். அப்போது அடுக்குகள் தூக்கிக்கொள்ளும், இழுத்தால் முடி நீளும், சுலபமாக அறுந்தும் போகும். ஈரத்தில் அழுத்தி வாரினால் அடுக்குகள் உரிந்து நுனி பிளக்கிறது. கண்டிஷனர் போட்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கண்டிஷனர் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சேதமான முடியின் மேல் எதிர்மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரில் உள்ள மூலக்கூறுகளுக்கு நேர்மின்னேற்றம். ஆகவே எங்கே சேதம் அதிகமோ அங்கேதான் அவை அதிகமாக ஒட்டுகின்றன. உச்சந்தலையை விட்டு, நீளத்துக்கும் நுனிக்கும் போடச் சொல்வது அதனால்தான். சல்பேட் விஷமல்ல, எண்ணெய்ப் பசையை வலுவாக எடுத்துவிடும், அவ்வளவுதான். ஏற்கெனவே படலம் இழந்த முடிக்கு அந்த வலு வேண்டாம். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவதற்கும் ஆதாரம் உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான அமைப்பு முடிக்குள் நுழைய உதவுகிறது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை.

ஸ்ட்ரெய்ட்னரை ஈர முடியில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் நீர் கொதித்து, முடித் தண்டுக்குள் குமிழ்களை உண்டாக்கும். அந்த இடத்திலேயே முடி ஒடியும். நீச்சல் குளத்துக் குளோரினும் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள்தான். இறங்குமுன் நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டால் குளத்து நீர் குறைவாக ஊறும். முடியின் நிறத்தை வெளுக்கும் பிளீச் அதே கந்தகப் பிணைப்புகளை மறுபடி தாக்குவதால் அதைத் தள்ளிப்போடுங்கள்.

முடி மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ஆறு மாதத்தில் வேருக்கு அருகே 6 சென்டிமீட்டர் பழைய சுருளோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் முடி எளிதில் ஒடியும், அங்கே இழுத்துக் கட்டாதீர்கள். மறுபடி ரீபாண்டிங் செய்யப் போனால், கிரீமைப் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.